மணலில் சாய்த்த பைக்

சாய்ந்தமருது ஜவுபருக்கு ஒரு கிறுக்குப் பழக்கம் உண்டு. எந்த மோட்டார் சைக்கிளை வாங்கப் போனாலும், ஓட்டிப் பார்ப்பதற்கு முன் அதை மணலில் சாய்த்துப் போட்டுத் தனியாளாய்த் தூக்கிப் பார்ப்பார். விற்பவனுக்கு வயிறு எரியும். பார்த்து நிற்பவர்கள் சிரிப்பார்கள். ஏன் என்று கேட்டால் விலையைப் பேசத் தொடங்கிவிடுவார். தூக்க முடியாததை வாங்க மாட்டார், அவ்வளவுதான்.

கடல் ஊருக்குள் வந்த அன்று அவருக்கு இருபத்துமூன்று வயது. நப்லாவைக் கட்டி நான்கு மாதம். அந்தப் பக்கத்து வழக்கப்படி பெண்வீட்டில்தான் குடியிருந்தார். வீடு நப்லாவுடையது. முற்றத்தில் நின்ற மோட்டார் சைக்கிள் மாமனார் மாப்பிள்ளைக்கென்று வாங்கிக் கொடுத்தது, ஊரிலேயே பெரியது. சனத்தோடு சனமாக இருவரும் ஓடியிருந்தால் தப்பியிருப்பார்கள். ஆனால் பெண்வீட்டார் தந்ததைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு எந்த முகத்தோடு அவர்கள் முன் நிற்பது என்று புது மாப்பிள்ளைக்கு ரோசம் வந்துவிட்டது. தெருவுக்குப் போகும் ஒழுங்கையில் பாதித் தூரம் ஓடியவர் திரும்பிப் போய் அதை எடுத்தார். நப்லாவைப் பின்னால் ஏற்றினார். ஈர மணலில் சறுக்கி விழுந்ததும் அவளுடைய கால் அதனடியில் மாட்டிக்கொண்டது. அவள் முகத்தைப் பார்த்தபடியே ஹேண்டிலைப் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை. அடுத்த அலை வந்துவிட்டது.

அதை யாராலும் தூக்கியிருக்க முடியாது என்று ஊரே சொன்னது. மாமனாரும் அதைச் சொல்லித்தான் பிறகு நப்லாவை ராத்தா என்று கூப்பிட்டு வளர்ந்த இளைய மகள் ஸில்மியாவை அவருக்குக் கட்டிவைத்தார். இருபத்தொரு வருசமாக ஜவுபர் சாப்பிட்டதும் உறங்கியதும் அந்த ஒரு பேச்சை நம்பித்தான். என்றாலும் நப்லா அவரை விடவில்லை. எந்தப் பைக்கிலிருந்து இறங்கினாலும், பின்னால் இன்னும் ஓர் ஆள் இருப்பதுபோல் அமுங்கிய பின்சீற் மெதுவாகத்தான் மேலெழும்பும். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார்.

இப்போது அறுகம்பே கடற்கரைக்கு வரும் வெள்ளைக்காரர்களைக் காட்டுப் பாதைகளில் கூட்டிப் போவதுதான் அவர் தொழில். பழைய பைக் தேய்ந்துபோய்விட்டது. பொத்துவிலில் புண்ணியமூர்த்தியின் கடையில் இரண்டு அட்வென்ச்சர் பைக்குகள் நின்றன. ஒன்று இருநூற்றைம்பது சிசி, மெலிந்தது, காட்டு மணலுக்குத் தோதானது. மற்றது ஐந்நூறு, இருநூறு கிலோவுக்கு மேல். இரண்டு பேரையும் மூட்டை முடிச்சையும் ஏற்றிக்கொண்டு அலுங்காமல் கல்முனை வரை போகும். பின்னால் ஆளை ஏற்றிப் போகும் தொழிலுக்கு அதுதான் வேண்டும், மனசும் அதில்தான் விழுந்தது. ஸில்மியாவிடம்கூடப் பெரியதைத்தான் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

கடைக்குப் பின்னால் மணலில் இரண்டையும் சாய்த்தார். சின்னது சட்டென்று எழுந்தது. பெரியதை ஹேண்டிலில் பிடித்து இழுத்தார், அசையவில்லை. புண்ணியமூர்த்திக்குச் சிரிப்பு வந்தது. அறுபதைத் தாண்டிய ஒல்லி மனிதர்.

"கையால இழுத்தா எழும்பாது தம்பி. அதுக்கு முதுகக் குடுங்க. சீற்றில சாஞ்சிருந்து, காலால உன்னிப் பின்னுக்குத் தள்ளுங்க."

ஜவுபர் திரும்பி நின்று அப்படியே செய்தார். இருநூறு கிலோவும் எழுந்து நின்றது.

நப்லாவின் மேல் கிடந்தது இதைவிடப் பாரம் குறைந்தது. மறுபடி சாய்த்தார். மறுபடி எழுந்தது. மூன்றாம் தடவை சாய்க்கப் போனபோது பெயின்ற் போய்விடும் என்று புண்ணியமூர்த்தி வந்து பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்காமல் ஒரு நிமிடம் திரும்பி நின்றிருந்தால் போதும். அது தெரியாமல் போன பாவத்தை இனி எங்கே கொண்டுபோய் இறக்குவது?

பின்னேரம் சின்ன பைக்கில்தான் வீடு வந்தார். ஸில்மியா வெளியே வந்து அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பெரிசு என்னத்துக்கு வேணாமெண்டீங்க மச்சான்? தூக்க ஏலாமப் போச்சா?"

"ஓம். ஏலல்ல."

அவள் முகம் இளகிவிட்டது.

"அதான் மச்சான். ராத்தாட மேல விழுந்த பைக்கையும் ஆராலயும் தூக்கியிருக்க ஏலா."

ஜவுபர் பைக்கிலிருந்து இறங்கினார். ஆள் இருப்பதுபோல் அமுங்கிய பின்சீற் இந்த முறை எழும்பவேயில்லை.