கேட்டு வாங்கிய ஆளுநர்

போன ஞாயிற்றுக்கிழமை, பிரெஞ்சு நாட்டில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு பேச்சுப்போட்டி. என்னையும் நடுவராகப் போட்டிருந்தார்கள். தலைப்பு: ‘நான் வியக்கும் தலைவர்’.

இந்தப் போட்டிகளில் பேசுவது பிள்ளை; எழுதுவது அப்பா. பிள்ளை அதைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதிவைத்துப் பாடமாக்கும். ஆக, நாங்கள் மார்க் போடுவது அப்பாக்களுக்குத்தான்.

வழக்கமான தலைவர்கள் எல்லாம் வந்து போனார்கள். பிறகு ஒரு சிறுமி, ஆரம்பகால அமெரிக்கப் படைவீரர் ஒருவரைப் பற்றிப் பேசினாள். இளமையில் பிரித்தானியரோடு சண்டை. பிறகு பழங்குடிகளோடு சண்டை. அதற்குச் சன்மானமாக ஒரு புதிய பிரதேசத்துக்கு ஆளுநர் பதவி... அங்கே பழங்குடித் தலைவர்களைக் கூப்பிட்டு, விருந்து வைத்து, கம்பளியும் கொஞ்சம் காசும் கொடுத்து, அவர்களுடைய நிலத்தை எழுதி வாங்கினாராம்.

“அவர் ஒரு பெருந்தலைவர்!” என்று முடித்தாள். சபை கைதட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏனென்றால் அவளுடைய அப்பா சிவநேசனை எனக்குத் தெரியும். ரெஸ்ரோரண்ட் குசினியில் வேலை. சொந்த இடம் முல்லைத்தீவுப் பக்கம். யுத்தம் முடிந்து இத்தனை வருடமாகியும் அவருடைய காணி ராணுவ முகாமின் வேலிக்குள் கிடக்கிறது. ‘காணி விடுவிப்பு’ என்று செய்தி வந்தால் போதும், எனக்குப் போன் எடுப்பார். “அண்ணை, எங்கடை பக்கமும் இருக்கோ?” இதுவரை இருந்ததில்லை.

அந்த மனுஷனா இதை எழுதினார்?

தேநீர் இடைவேளையில் பிடித்துக்கொண்டேன்.

“தம்பி, உங்கடை காணியை ஆமி பிடிச்சு வைச்சிருக்கு. நீங்கள் காணி பிடிச்சவனைப் போய்ப் புகழ்ந்து எழுதியிருக்கிறியள். வெக்கமாயில்லையோ?”

அவர் கோபிக்கவில்லை. தேநீரை ஊதி ஊதிக் குடித்தார்.

“ஏமாத்தித்தான் வாங்கினவர் அண்ணை. அது எனக்கு விளங்காதே? ஆனால் கூப்பிட்டு இருத்தி, சாப்பாடு குடுத்து, ‘இது உங்கடை காணி, எனக்குத் தாங்கோ’ எண்டு ஒரு வார்த்தை கேட்டவர். என்னை ஆர் கேட்டது?”

தேநீரோடு தந்த ரோல்ஸைக் கடித்துக்கொண்டு நடுவர் மேசைக்குத் திரும்பினேன்.

முதல் பரிசு, மண்ணுக்காக உயிர்கொடுத்த மன்னனைப் பற்றிப் பேசிய பிள்ளைக்கு. அந்த அப்பாவுக்கு இங்கே ஓல்னேயில் வீடு, ஊரில் காணி... இரண்டும் பத்திரமாக இருக்கின்றன. சிவநேசனின் மகளுக்கு ஆறுதல் பரிசு. ஆறுதல்!

ஒரு கள்ளன் பெருந்தலைவனாகப் பெரிய தகுதி ஒன்றும் வேண்டாம் – பின்னால் வருகிறவன் அவனைவிட மோசமாக இருந்தால் போதும்.