ஸுஹறாவின் புதுக்கான் எண்ணெய்

ஸுஹறாவிடம் ஒரு கெட்ட பழக்கம். பேசவேண்டிய இடத்தில் பேசமாட்டாள். தொண்ணூறில் மற்ற முஸ்லிம் சனத்தோடு இயக்கத்தால் துரத்தப்பட்டு, புத்தளத்து அகதி முகாமில் இருபது வருடம் கிடந்து திரும்பியவள். புருசன் அங்கேயே மௌத்து. கால் ஏலாத மகளை வைத்துக்கொண்டு, முருங்கன் சந்தியில் என் தேத்தண்ணிக் கடைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டில் போட்டு மீன் ரோல்ஸ் பொரித்தாள். நானும் புருசனைத் தின்றவள்தான். நான் கத்துவேன், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

பின்னேரம் அடுப்பணைந்ததும் தாச்சியில் மிஞ்சிய எண்ணெயை மண்ணில் ஊற்றிவிடுவாள். பார்க்க எனக்குப் பற்றி எரியும். என் புருசனின் தமையன் மகன் சுகந்தன், வள்ளத்துக்குப் பூசவென்று பழைய எண்ணெய் சேர்த்துத் திரிந்தான். அவனுக்குக் கொடு என்று நச்சரித்தது நான்தான். கொடுத்தாள். பிறகு புது எண்ணெயையும் பிளாஸ்டிக் கானில் அவனிடமே வாங்கினாள். கண்ணாடி மாதிரி இருந்தது. நானே மெச்சினேன்.

ஒருநாள் காலை சுகாதாரப் பரிசோதகர் அகிலன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பழைய எண்ணெயை வெளுக்கவைத்து விற்கிறார்களாம். நின்ற இடத்திலேயே எண்ணெயைச் சோதிக்கக் கடதாசி வந்திருக்கிறதாம். விரல் அகலத் துண்டு, அதில் நாலு நீலக் கோடு; எண்ணெய் பழசென்றால் மஞ்சளாகுமாம். கொதிக்கும் தாச்சியில் முக்கினார். நாலும் மஞ்சளாகிவிட்டன. ஒரே எண்ணெயைக் கிழமைக்கணக்கில் பாவித்திருக்கிறாள், கொட்டிலை மூடவேண்டும், பிரதேச சபை அனுமதியும் போய்விடும் என்றார்.

அன்று காலைதான் புதுக்கானைத் திறந்தாள். நான் பார்த்தேன். அவளோ தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள். தாச்சியைக் கழுவி, கானில் இருப்பதை ஊற்றி, ஒன்றும் போடாமல் கொதிக்கவைத்துப் பார்க்கச் சொன்னேன். கடதாசி கொஞ்சம்தான் தந்திருக்கிறார்கள் என்று இழுத்தார். மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் போய் நின்றேன். வேறு வழியில்லாமல் பார்த்தார்.

அந்த எண்ணெயிலும் நாலு கோடும் மஞ்சள்.

யாரிடம் வாங்கினது என்று மூன்று தரம் கேட்டார். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சொல்லாட்டி உங்கடை பேரிலைதான் எழுதவேணும்," என்றார்.

"வாயைத் திறவடி. உன்ரை பிள்ளைக்கு ஆர் சோறு போடுறது?" என்றேன்.

"உங்கட ஆளெல்லோ அக்கா," என்றாள் மெல்ல. "நான் எப்பிடிச் சொல்ற?"

எனக்கு வந்த எரிச்சலுக்கு அவளை அறையலாம் போல இருந்தது. தன் பிழைப்புப் போகிறது, இவள் என் மானத்தைக் காக்கிறாள்.

"சுகந்தன். என்ரை புருசன்ரை தமையன்ரை மகன்," என்றேன். "வீட்டைக் காட்டுறன், வாங்கோ. இவளின்ரை பழைய எண்ணெயைக் கொண்டுபோறவனும் அவன்தான். குடுக்கச் சொன்னது நான். அதையும் எழுதுங்கோ."

மண்ணில் போயிருக்கவேண்டிய எண்ணெய் வெளுத்து அவளிடமே திரும்பி வந்திருக்கிறது. பரிசோதகர் கானை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்தார். கொட்டிலை மூடவில்லை.

சுகந்தனின் தாய் இப்போது என் முகத்தில் விழிப்பதில்லை. ஸுஹறா பழையபடி எண்ணெயை மண்ணில் ஊற்றுகிறாள். எனக்கு இன்னும் பற்றித்தான் எரிகிறது. ஒன்றும் சொல்வதில்லை.