நீக்கிலாஸ் அண்ணனை நான் கொன்ற கதை

போன கிழமை அடம்பனிலிருந்து மன்னாருக்கு பஸ்ஸில் வரும்போது, பக்கத்தில் இருந்த பிள்ளை ஃபோனில் படம் பார்த்துக்கொண்டு வந்தாள். மற்றவருடைய ஃபோனை எட்டிப் பார்ப்பது மரியாதையில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் பாலம் வரும்வரைக்கும் வயலையே பார்த்துக்கொண்டிருக்க ஒரு மனுசிக்கு எவ்வளவு பொறுமை வேண்டும்? எட்டிப் பார்த்தேன். பாலைவனம். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருத்தி, குதி உயர்ந்த செருப்போடு மணலில் ஒய்யாரமாக நடந்து போகிறாள். பின்னால் ஒருவன் செத்துக் கிடக்கிறான். அவள்தான் கொன்றிருக்க வேண்டும். என் வாய் சும்மா இருக்கவில்லை. "நடை பிழை" என்று சொல்லிவிட்டேன்.

பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். குதிச்செருப்போடு மணலில் இறங்கினால் குதி புதையும், ஒய்யாரமெல்லாம் வராது, கோழி போலக் காலைத் தூக்கித் தூக்கித்தான் வைக்க வேண்டும் என்று விளக்கினேன். அதுவும் ஒருவனைக் கொன்றுவிட்டு வரும்போது தொடை நடுங்கும் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"அன்ரி, நீங்கள் ஆரையும் கொன்றிருக்கிறீங்களோ?" என்று கேட்டாள், சிரித்துக்கொண்டுதான்.

"ஓம், நீக்கிலாஸ் அண்ணனை" என்றேன். பிள்ளை யன்னல் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து இருந்துகொண்டாள். இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டதால் அவளுக்கு மிச்சம் சொல்ல முடியவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

சண்டை முடிந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்த காலம். மன்னார் ரவுணில் ஹனீபா நானாவின் ஸ்ரூடியோவில் எனக்கு வேலை. இப்போதும் எங்கேயாவது பவுடர் மணமும் சூடேறிய பல்பில் தூசி கருகும் மணமும் சேர்ந்து வந்தால் நான் அந்தக் கடைக்குள் போய்விடுவேன். நூலில் கட்டித் தொங்கவிட்ட சீப்பு ஒன்று, அடையாள அட்டைப் படத்துக்கு வருகிற எல்லா ஆம்பிளைகளும் மாறி மாறிப் போட்ட கோட் ஒன்று. அந்தக் கோட்டை யாரும் தோய்த்ததை நான் கண்டதில்லை. ஹனீபா நானா புத்தளத்தில் இருபது வருடம் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். கலியாணம், முதல் நன்மை, சாமத்தியவீடு எல்லாவற்றுக்கும் வீடியோ எடுப்பார். எடுக்கத் தொடங்கினால் கமெராவை நிறுத்தவே மாட்டார். ஒருக்கால் நிறுத்திய நேரம் பார்த்துத் தாலி கட்டி முடிந்துவிட்டதாம். பெண்ணின் தகப்பன் அவரைத் துரத்திக்கொண்டு ஓடினாராம். அன்றிலிருந்து அப்படி.

என் தம்பி ஜூட்டுக்கு அப்போது இருபத்துநான்கு வயது. கட்டாருக்கு விசா வந்திருந்தது. கட்டட வேலை. அவனோ சினிமாப் பைத்தியம். சோறு சாப்பிடும்போதும் கதை சொல்வான், கிணற்றடியில் குளிக்கும்போதும் கதை சொல்வான், அம்மா தும்புத்தடியைத் தூக்கினால்தான் வாய் மூடும். போவதற்கு முன் ஒரேயொரு படம் எடுத்துவிட வேண்டும் என்று என் காலைப் பிடித்தான். அங்கே போனால் திரும்பி வரும்போது தான் வேறு ஆளாகிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது என்றான். அதைக் கேட்டபின் எப்படி மாட்டேன் என்பது? நானாவிடம் போய்த் தலையைச் சொறிந்தேன். அவர் கமெராவையும் தந்து, கூடவே தானும் வருவதாகச் சொன்னார். கமெராவை வேறொருவர் கையில் கொடுக்கப் பயம், வேறொன்றுமில்லை.

கதை இதுதான். பாலைவனத்தில் புதைத்து வைத்த தங்கத்தைத் தேடிப் புருசனும் பெண்சாதியும் போகிறார்கள். தங்கம் கிடைத்ததும் புருசன் பெண்சாதியைக் கொன்றுவிடுகிறான். இப்படிப்பட்ட படங்கள் இருட்டில் நடக்க வேண்டுமாம். எங்களுக்கு இருட்டுக்கு வசதியில்லை. இருட்டில் எடுப்பதற்கு லைற் வேண்டுமே! ஆகவே உச்சி வெயிலில் எடுப்பதென்று முடிவு. பாலைவனத்துக்கும் வசதியில்லை. ஆனால் பேசாலைக்கு அப்பால் ஆளுயரத்துக்கு மேல் மணல்மேடுகள் இருந்தன. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் பாலைவனம். கொஞ்சம் திரும்பினால் வள்ளம் தெரியும். மூன்று நாளும் ஜூட் எங்களிடம் சொன்னதில் பாதி "அங்கால திரும்பாதேங்கோ" என்பதுதான்.

புருசனாக நடிக்க நீக்கிலாஸ் அண்ணனைப் பிடித்தான். கடலுக்குப் போகிறவர், நல்ல வாட்டசாட்டம், தாடி வேறு. அந்தத் தாடிதான் வில்லங்கம். நீக்கிலாஸ் அண்ணன் எங்கள் பங்குக் கோயிலில் ஆறு வருடமாகத் திருப்பாடுகளின் காட்சியில் இயேசுவாக நடிப்பவர். தவக்காலம் தொடங்கியதும் மச்சம் மாமிசம் இல்லை, குடி இல்லை, ஒருவரோடும் வாய்த்தர்க்கமும் இல்லை. அவர் தாடி வளர்க்கத் தொடங்கினால் பெண்கள் தெருவில் அவரைக் கண்டு சேலைத் தலைப்பைச் சரிசெய்வார்கள். எங்கள் படப்பிடிப்பு சரியாகத் தவக்காலத்தில் விழுந்தது. கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது இது:

"சாகிறதெண்டா நான் றெடி தம்பி. கொல்லுறதெண்டா ஈஸ்டர் முடியட்டும்."

ஈஸ்டருக்கு ஜூட் கட்டாரில் நிற்பான். என்ன செய்வது? கதையைத் தலைகீழாகப் புரட்டினான். பெண்சாதி புருசனைக் கொல்கிறாள். பெண்சாதியாக நடிக்க அடம்பனிலிருந்து ஒரு பிள்ளையைப் பேசி வைத்திருந்தோம். மகள் கொலைகாரி என்று கேள்விப்பட்டதும் தகப்பன் பஸ் ஏற்றவில்லை. சாகிறதென்றால் விட்டிருப்பாராம். முதல் நாள் காலை மணல்மேட்டில் நின்ற ஒரே பெண் நான், அதுவும் சோற்றுப் பார்சல்களோடு. ஜூட் என்னை மேலும் கீழும் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே விளங்கிவிட்டது. மச்சாள் ஒருத்தியின் கலியாணக் குதிச்செருப்பும் நானாவின் கறுப்புக் கண்ணாடியும் என் மேல் ஏறின. வாழ்க்கையில் அதுவரை நான் கொன்றது நுளம்பும் கரப்பானும்தான்.

தங்கம் என்பது ஐந்து சவர்க்காரக் கட்டிகள், மினுங்கும் பரிசுத்தாளில் சுற்றியவை. மன்னாரில் எங்கே போனாலும் கழுதை நிற்கும் அல்லவா? மணலைத் தோண்டித் தங்கத்தை எடுத்து வைத்துவிட்டு நாங்கள் வசனத்துக்குத் தயாராவதற்குள், ஒரு கழுதை வந்து இரண்டு கட்டியின் தாளைத் தின்றுவிட்டது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். சவர்க்கார வாசனை நன்றாகத் தெரிந்திருந்தது, கட்டியை மட்டும் தொடவில்லை. மற்றக் கழுதைகளைத் துரத்தி மாளவில்லை. கடைசியில் ஜூட், தூரத்தில் நிற்பவற்றை ஒட்டகம் என்று சனம் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

ஹனீபா நானா வேறு ஒரு பக்கம். பழக்கதோசம் விடுமா? நான் புருசனை வெறுப்போடு பார்க்கிற இடத்தில், கமெராவுக்குப் பின்னாலிருந்து "தங்கச்சி, கொஞ்சம் சிரியுங்கோ" என்பார். நான் சிரித்துவிடுவேன். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் போதும், கமெரா எங்களைச் சுற்றி ஒரு வட்டம் போடும். ஜூட் தலையில் கைவைத்துக்கொண்டு மணலில் இருந்துவிடுவான். பிறகு எழும்பி, சிரித்து, திரும்பவும் கதையைச் சொல்வான். அந்த மூன்று நாளும் அவன் தூங்கினானோ தெரியாது. முகம் கறுத்து, உதடு வெடித்து, கண் மட்டும் பளபளத்துக்கொண்டிருந்தது. அவனை அவ்வளவு சந்தோசமாக அதற்கு முன் நான் கண்டதில்லை.

மூன்றாம் நாள்தான் கொலை. மறுநாள் கமெராவுக்கு எருக்கலம்பிட்டியில் கலியாணம், புதன்கிழமை ஜூட்டுக்கு விமானம். இரண்டு பற்றரியில் ஒன்று காலையிலேயே செத்துவிட்டது. கொலை அன்று எடுபடாவிட்டால் படமே இல்லை.

துப்பாக்கி கிடையாது. விளையாட்டுத் துப்பாக்கியோடு அந்த நாளில் சோதனைச் சாவடியைக் கடந்து வர எங்களுக்கென்ன விசரா? ஆகவே ஜூட் வேறு மாதிரிக் கொலை யோசித்தான். புருசன் தாகத்தில் மணலில் ஊர்ந்து வந்து தண்ணீர் கேட்பான். பெண்சாதி போத்தலைத் திறந்து, அவன் கண்ணுக்கு முன்னால் தண்ணீரை மணலில் ஊற்றிவிட்டுப் பேசாமல் நிற்பாள். அவ்வளவுதான். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்து மீன்வாடியில் கருவாடு காய வைத்துக்கொண்டிருந்த பெண்கள், வேடிக்கை பார்க்க வந்து கமெராவுக்குப் பின்னால் வரிசையாக இருந்துவிட்டார்கள். அவர்கள் இருந்த பகுதியில் நல்ல தண்ணீர் பவுசர் லொறியில் வந்தால்தான் உண்டு. அதற்குக் குடமும் வாளியுமாகக் காத்துக் கிடப்பார்கள்.

நீக்கிலாஸ் அண்ணன் ஊர்ந்து வந்தார். தலையைத் தூக்கினார். தாடியெல்லாம் மணல். "தாகமாயிருக்கிறது" என்றார். ஜூட் எழுதிய வசனம் "தண்ணி தா" என்பதுதான். மனுசனுக்கு ஆறு வருடமாகச் சிலுவையில் சொன்ன பழக்கம் வாயில் வந்துவிட்டது. நான் போத்தலைச் சரித்தேன். பின்னால் பெண்கள் "ஐயோ" என்று ஒரே குரலில் சத்தமிட்டார்கள். மதலேனம்மா என்று ஒருவர், நரைத்த தலை, இரும்பு போலக் கை. எழும்பி நேரே கமெராவுக்கு முன்னால் வந்து, என் கையிலிருந்த போத்தலைப் பறித்து, மிச்சத்தை நீக்கிலாஸ் அண்ணனுக்குப் பருக்கினார். அவரும் குடித்தார். உச்சி வெயிலில் அரை மணித்தியாலம் ஊர்ந்த மனுசன், நடிப்பாவது மண்ணாவது!

ஜூட் கெஞ்சி மதலேனம்மாவைக் கொண்டுபோய் இருத்தினான். இது படம், பொய், அவருக்கு ஒன்றும் நடக்காது என்று விளக்கினான். எல்லாம் விளங்குகிறது என்றார். இரண்டாவது முறையும் நான் ஊற்ற, இரண்டாவது முறையும் எழும்பி வந்தார், இந்த முறை தன்னுடைய சொந்தப் போத்தலோடு. பற்றரியின் சிவப்பு லைற் மினுங்கத் தொடங்கியது. ஜூட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. மதலேனம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த மனுசன் சாகாவிட்டால் என் படம் முடியாது, புதன்கிழமை நான் போய்விடுவேன், தயவுசெய்து சாக விடுங்கோ என்று மன்றாடினான்.

மதலேனம்மா அவனை ஆதரவாகத்தான் பார்த்தார். "சாகட்டும் தம்பி, நான் வேண்டாமெண்டேல்லை. தண்ணி குடிச்சிட்டுச் சாகட்டும்."

மூன்றாவது முறை. அவர் ஊர்ந்து வந்தார், நான் ஊற்றினேன், மணல் ஒரு நொடியில் குடித்துவிட்டது. மதலேனம்மா வந்தார். இந்த முறை ஜூட் மறிக்கவில்லை, மறித்துப் பிரயோசனமில்லை. அவர் மணலில் இருந்து, நீக்கிலாஸ் அண்ணனின் தலையை மடியில் எடுத்து, வாய் துடைத்து, தண்ணீர் கொடுத்தார். நீக்கிலாஸ் அண்ணன் ஒரு மிடறு குடித்தார். பிறகு, பெரிய வெள்ளிக்கிழமைகளில் செய்கிறபடியே, தலையைச் சாய்த்து உயிரை விட்டார். பின்னால் இருந்த பெண்கள் எல்லாரும் முழங்காலில் நின்றார்கள். ஒருத்தி ஒப்பாரி தொடங்க மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். நான் வெறும் போத்தலோடு நின்றேன். எனக்குத் தொடை நடுங்கியது. கறுப்புக் கண்ணாடிக்குள் கண்ணீர் ஓடியது. நான் உண்மையாகவே ஒரு பாவி என்று அந்த நேரம் நம்பிவிட்டேன், சிரிக்காதேங்கோ.

ஹனீபா நானா கமெராவை நிறுத்தவில்லை. ஒப்பாரி பாடிய பெண்களையும் ஒரு வட்டம் போட்டு எடுத்து முடித்தபிறகுதான் பற்றரி போனது. ஜூட் துள்ளினான். என்னைத் தூக்கினான், நானாவைத் தூக்கினான், செத்துக் கிடந்தவரையும் தூக்கப் பார்த்து இருவருமாக விழுந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் பங்கு மண்டபத்தில் வெள்ளைச் சீலை கட்டிப் படத்தைப் போட்டோம். நானாவின் கொம்பியூற்றரில் கலியாண வீடியோவுக்கான சாமான்கள்தான் இருந்தன. அதனால் நீக்கிலாஸ் அண்ணன் சாகும்போது மேலிருந்து ரோசா இதழ்கள் விழுந்தன. ஒருவரும் சிரிக்கவில்லை. பயப்பட வேண்டிய இடங்களில் விழுந்து விழுந்து சிரித்த சனம், அந்த இடத்தில் எழும்பி நின்று சிலுவை போட்டது. ஜூட் கதவடியில் நின்று திரையைப் பார்க்காமல் சனத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மதலேனம்மா ஈஸ்டர் வரைக்கும் என்னோடு பேசவில்லை. பூசையில் சமாதானம் சொல்லத் திரும்பினால் மற்றப் பக்கம் பார்ப்பார்.

இப்போது மதலேனம்மா இல்லை. ஸ்ரூடியோ இருந்த இடத்தில் ஃபோன் திருத்துகிறார்கள். படத்தை இரண்டு டிஸ்கில் அடித்தோம். ஒன்று கீறுப்பட்டு ஓடாமல் போனது, மற்றதை ஜூட் கட்டாருக்குக் கொண்டுபோய் அறை மாறி அறை மாறி எங்கோ விட்டுவிட்டான். போன வருடம் மடு மாதா திருநாளுக்கு லீவில் வந்தவனை ஸ்கூட்டரில் ஏற்றி மணல்மேட்டுக்குக் கூட்டிப்போனேன். மேடு இல்லை. காற்று கொண்டுபோனதோ, கரண்ட் எடுக்கிற காற்றாடிகளுக்குப் பாதை போட்டபோது மட்டமாக்கினார்களோ தெரியவில்லை. எங்கே கொன்றேன் என்று நான் ஓர் இடத்தைக் காட்டினேன், அவனுக்கு ஞாபகமில்லை. ஃபோனிலேயே படம் எடுக்கிற காலம், நான் இப்போது இரண்டு பேரைக் கொல்லக்கூடிய உடம்போடு இருக்கிறேன், வா இன்னொன்று எடுப்போம் என்று அவனைக் கிண்டினேன்.

சிரித்தான். செருப்புக்குள் போன மணலைத் தட்டிக்கொண்டு, "எனக்கு இப்ப மணலைக் கண்டா வேலைதான் ஞாபகம் வருது அக்கா" என்றான்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான்தான் கதைத்துக்கொண்டு வந்தேன்.