லேப்டாப்புக்குத் தேங்காய் எண்ணெய்

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு லேப்டாப் செத்துப்போனது. கொன்றது தேங்காய் எண்ணெய்.

சிரிக்காதீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தம்பி சூசை வளைகுடாவில் வெல்டர். அவன் விமானம் ஏறும்போது அவன் மனைவி ஜெசிந்தா முழுகாமல் இருந்தாள். பெற்ற மகனை அவன் இன்னும் தொட்டதில்லை. வெள்ளிக்கிழமை அங்கே லீவு. அன்றைக்கு வீடியோ காலில் பார்ப்பான். அவ்வளவுதான் அப்பன்-மகன் உறவு!

லேப்டாப்போ அரதப் பழசு. பையன் கையை ஆட்டினால் படம் உறைந்து நிற்கும்.

"அண்ணே, பிள்ள இப்பமோ பொறவோ நடந்துருவான்னு ஜெசிந்தா சொல்லுதா. அதயாவது அசையுத மாதிரி பாக்கணும்" என்றான் தம்பி.

நாகர்கோவில் போய் மெமரி வாங்கி வந்தேன். பெரிய வித்தையில்லை. அடிமூடியைக் கழற்றி, பழசை எடுத்துவிட்டு, புதுசைச் சாய்வாகச் செருகி அமுக்கவேண்டும்.

கழற்றினேன். உள்ளே ஸ்குரூவெல்லாம் துரு. எங்கள் வாசலுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு ரோடுதான். பூட்டு, கீல், தையல் மெஷின்... எண்ணெய் போடாத இரும்பு இங்கே பிழைக்காது.

அப்படியே திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து, அவசரத்தில் உள்ளே பார்க்காமல் செருகி மூடினேன். ஆன் செய்தேன். ஃபேன் சுற்றியது. ஸ்கிரீன் கறுப்பு. மறுபடி கழற்றினால் — உள்ளே பளபளவென்று வழிகிறது.

"ஏட்டி, இதுல என்னத்த ஊத்துன?"

"ஊத்தல்ல அத்தான். கோழி எறகுல எண்ணெயத் தொட்டு லேசா தடவுனேன். துருவா இருந்துல்லா?"

"இதென்ன தையல் மெஷினா?"

"நல்லதுக்குன்னுதான்..." ஜெசிந்தா அழ ஆரம்பித்துவிட்டாள்.

யாரைத் திட்ட? இந்த மெஷினைச் செய்தவன் கடலோரத்தில் ஒரு மழைக்காலமாவது இருந்திருப்பானா? உப்புக்காற்று அரிக்கும். அதற்கு மருந்து போட்டாலும் சாகும். எப்படியும் தோற்கிற பொருளைத்தான் நம் தலையில் கட்டுகிறார்கள்.

துடைத்தேன். பழைய மெமரியையே திரும்பப் போட்டேன். கறுப்பு. கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "போர்டே போச்சு அண்ணாச்சி" என்றார்கள். வீட்டுக்கு வந்து வழக்கமான இடத்தில், பாயில், திறந்தபடி போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

சாயங்காலம் தம்பி என் பட்டன் போனில் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டேன். விஷயத்தை எப்படிச் சொல்ல?

அந்த நேரம் பார்த்துத்தான், சுவரைப் பிடித்து நின்ற பையன் பிடியை விட்டான். ஒரு அடி. தள்ளாடி, இன்னொரு அடி. அம்மாவிடம் போகவில்லை. என்னிடமும் வரவில்லை. நேரே லேப்டாப்பிடம் போனான். அப்பா அதற்குள்தானே இருப்பார்? கறுப்பு ஸ்கிரீனை உள்ளங்கையால் தட்ட ஆரம்பித்தான்.

"அண்ணே, அது என்ன சத்தம்? டப்பு டப்புன்னு கேக்கு?"

"ஒன் மவன்தாம்ல. நடந்து போயி ஒன்னத் தட்டுதான்."