சிவப்புக் கொலர் போட்ட சிப்பாய்

போன சனிக்கிழமை ஊர்காவற்றுறையில், ஒரு வீட்டு மேசையில், ஒரு படையே முகமில்லாமல் நின்றதைப் பார்த்தேன்.

பதற வேண்டாம். பொம்மைகள்தான். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரலில் பாதி உயரம். ஆனால் அன்றைக்கு வீடு திரும்பிய பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் பொம்மைப் பைத்தியம் பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஈயச் சிப்பாய்களுக்கு பெயின்ற் அடிப்பது. சும்மா அடிப்பதில்லை. அந்தக் காலத்தில் அந்தப் படை உண்மையில் என்ன நிறத்தில் உடுத்தியதோ, அதே நிறத்தில். பொத்தான் தொடக்கம் சப்பாத்து வரை. “பேரப்பிள்ளை காணுற வயசிலை பொம்மைக்குச் சட்டை போட்டுக்கொண்டு இருங்கோ” என்று மனுசி பேசாத நாளில்லை.

இந்தப் படை என்னுடையதல்ல. மரியதாஸ் அண்ணையின் மகன் ஜெறாட்டுடையது.

மரியதாஸ் அண்ணை கடற்றொழில் செய்தவர். முழங்கால் விட்டுவிட்டது, இப்போது கடலுக்குப் போவதில்லை. மனைவி இல்லை. ஒரே மகன் லண்டனில். அவனுக்கும் என்னுடைய அதே பைத்தியம். போன வருடம் ஒருநாள் காலையில் வேலைக்குப் போனவன், பின்னேரம் இல்லை. மாரடைப்பு. அண்ணைக்கு விசா கிடைக்கவில்லை. பெற்ற பிள்ளையின் அடக்கத்தை போனில் பார்த்தார். அதுவும் லைன் விட்டுவிட்டு வந்தது... பெட்டியை இறக்குகிற நேரம் படம் அப்படியே உறைந்துபோய் நின்றதாம்.

கொஞ்ச மாதம் கழித்து கூட்டாளிமார் அவனுடைய சாமான்களை அனுப்பினார்கள். இந்த வெக்கையில் ஒருவரும் போட ஏலாத குளிர்ச் சட்டைகள். ஒரு சோடி சப்பாத்து. இந்தப் படை இருந்த பெட்டி.

அண்ணை அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, புளியங்கூடலில் என் வீட்டுக்கு வந்தார். திறந்தேன். நெப்போலியன் காலத்துப் போர்த்துக்கேய இலகு காலாட்படை! பாதிப் பேருக்கு ஜெறாட் பெயின்ற் அடித்து முடித்திருந்தான். மற்றவர்கள் வெறும் ஈயமாக நின்றார்கள்.

“இதை முடிச்சுத் தாரும்” என்றார். “ஆண்டுப் பூசைக்கு அவன்ரை படத்துக்கு முன்னாலை வைக்கவேணும். அவன் அரைகுறையா விட்டிட்டுப் போனதெண்டு இருக்கக் கூடாது.”

“ஓம் அண்ணை. போர்த்துக்கேயரின்ரை படை இது.”

“ஆர் இவங்கள்? எங்கட கடற்கோட்டையைக் கட்டின பறங்கியளோ?”

“இல்லை. அவை இஞ்சையிருந்து போய் எத்தினையோ தலைமுறைக்குப் பிறகு வந்த ஆக்கள். நெப்போலியன் அவையின்ரை நாட்டைப் பிடிக்க ஆக்களை அனுப்பேக்கை எதிர்த்து நிண்டவை.”

“அப்ப தங்கடை மண்ணிலை நிண்டு செத்தவங்கள்.”

“கனபேர் அப்பிடித்தான்.”

“என்ரை பெடியனுக்கு அதுகும் குடுத்து வைக்கேல்லை” என்றார்.

தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டேன்.

வேலை லேசாக இருக்கவில்லை. இந்தப் படையின் சட்டை மண்ணிறம். பற்றைக்குள்ளும் பாறைக்குள்ளும் பதுங்கிச் சுடுகிற ஆட்கள்; பளிச்சென்ற சிவப்பும் நீலமும் போட்டால் உயிர் தப்ப ஏலாது. ஆனால் எந்த மண்ணிறம்? ஜெறாட் தானாகக் கலந்து ஒரு நிறம் எடுத்திருந்தான், நல்ல பனங்கட்டி நிறம். என்னிடமிருந்த ஒரு போத்தலிலும் அது இல்லை. அவன் முடித்த ஒரு சிப்பாயை மேசை விளக்கடியில் நிறுத்தி வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துக் கலந்தேன். என்ன நுணுக்கம் அந்தப் பெடியனுக்கு! கண்ணுக்கு ஊசிமுனைப் புள்ளி. கன்னத்தில் இரண்டு நாள் தாடி. குனிந்து பார்க்கப் பார்க்க, முன்பின் கண்டிராத அவனோடு கதைத்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

ஒரு சிக்கல். கொலர்.

இந்தப் படையில் ஒவ்வொரு அணிக்கும் சட்டைக் கொலர் நிறம் வேறு. எந்த அணி என்பதை ஜெறாட் ஒவ்வொரு பொம்மையின் அடியிலும் எழுதியிருந்தான். நான் பார்த்த படங்களின்படி அந்த அணிக்கு மஞ்சள். அவன் சிவப்பு அடித்திருந்தான். சுத்தப் பிழை! எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அண்ணைக்கு போன் எடுத்தேன்.

“அண்ணை, கொலர் பிழையாக் கிடக்கு. எல்லாத்துக்கும் மஞ்சள் அடிச்சு விடட்டோ?”

“அவன் பிழை விடமாட்டான்” என்றார். வைத்துவிட்டார்.

சரி... மற்றவர்களுக்கும் சிவப்பையே அடித்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு. ஆனால் என் குணம் என்னை விடுமோ? முடித்த படையை அண்ணையிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது, நிறம் பார்க்க எடுத்து வைத்த அந்த ஒரு சிப்பாயை மட்டும் கொண்டுபோகவில்லை; அண்ணை எண்ணிப் பார்க்கவும் இல்லை. ஒன்றுக்காவது சரியான நிறம் அடித்து, பூசைக்கு முதல் கொடுப்போம் என்று ஒரு எண்ணம். மஞ்சள் போத்தலையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். பிறகு மழை, கரண்ட் இல்லை, எனக்கும் பஞ்சி. நாளைக்கு, நாளைக்கு என்று கிடந்தது.

பூசைக்கு முதல்நாள், சனிக்கிழமை, அண்ணை போன் எடுத்தார். “ஒருக்கா வாரும்.” அவ்வளவுதான்.

போனால், மேசையில் அந்தப் படை. எல்லோரும் ஈரமாக மினுங்கிக்கொண்டு, ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். சிவப்பும் மண்ணிறமும் கறுப்பும் கரைந்து ஒழுகி, காலடியில் சேறாகக் கிடந்தது. முகம் இருந்த இடத்தில் ஈயம் தெரிந்தது. பக்கத்தில் ஒரு வாணிஸ் ரின். ஒரு தின்னர் போத்தல்.

எனக்கு விளங்கிவிட்டது.

எங்கள் தீவில் உப்புக்காற்றுக்கு எது தப்பும்? யன்னல் கம்பி, சைக்கிள், கதவுப் பிணைச்சல், எல்லாவற்றையும் தின்னும். வள்ளத்துக்கு ஒரு கை வாணிஸ் அடிக்காமல் ஒருவரும் கடலில் இறக்கமாட்டார்கள். அண்ணை அதைத்தான் செய்திருக்கிறார். வாணிஸ் பழசு, இறுகிக் கிடந்திருக்கிறது. இளக்குவதற்கு தின்னர் விட்டிருக்கிறார். என் பெயின்ற்றும் ஜெறாட்டின் பெயின்ற்றும் தண்ணீரில் கலக்கிற சாதி. தின்னர் பட்டால் நிற்குமா?

“உப்புத் தின்னாமல் கனகாலம் இருக்கட்டும் எண்டு அடிச்சனான்” என்றார். “முதல் ஒண்டிலை கரைஞ்சது எனக்குத் தெரியேல்லை. கண் மங்கல். எல்லாத்துக்கும் அடிச்சுப் போட்டுத்தான் பாத்தனான்.”

நான் கதிரையில் இருந்தேன்.

“நீர் அடிச்சது போனால் திரும்ப அடிக்கலாம். அவன் அடிச்சதை ஆர் அடிக்கிறது? அடக்கத்துக்கும் போகேல்லை. அவன்ரை கைபட்டது இது ஒண்டுதான் எனக்குக் கிடந்தது. என்ரை கையாலையே துடைச்சுப் போட்டனே, ஐயோ...”

கடலில் எத்தனையோ பேரைப் பறிகொடுத்துப் பார்த்த மனுசன். மேசையில் தலையை வைத்து அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, சொல்வதற்கு வெட்கமில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த மேசை விளக்கு நினைவுக்கு வந்தது.

புளியங்கூடலுக்கு ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். சிப்பாய் நின்ற இடத்திலேயே நின்றான், பக்கத்தில் மஞ்சள் போத்தலோடு. ஒரு மழையும் என் பஞ்சியும் இல்லாவிட்டால் அவனையும் நான் திருத்தி முடித்திருப்பேன்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணை வாங்கவில்லை. முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார்.

“நீர் இதிலை கை வைக்கேல்லையே?”

“இல்லை அண்ணை. முழுக்க அவன் அடிச்சதுதான்.”

இரண்டு கையையும் சாறத்தில் துடைத்துவிட்டு, பூசையில் நன்மை அப்பம் வாங்குகிற மாதிரி நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்குப் போனோம். ஜெறாட்டின் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி. பக்கத்தில் தனியாக அந்த ஒரு சிப்பாய். ஒரு படையே நிற்க வேண்டிய இடம். யாராவது கிட்டப் போனால் அண்ணை, “தொடாதையுங்கோ” என்றார்.

போர்த்துக்கேயச் சீருடை பற்றி நன்றாகத் தெரிந்த வாசகர் யாராவது அந்த வீட்டுக்குப் போக நேர்ந்தால், ஒரு வேண்டுகோள் — அந்தக் கொலர் சிவப்புத்தான்.