கஃபீல் இல்லாத சாலே பாயின் கடை

பால்பவுடர் டீயில் ஏலக்காயை இடித்துப் போட்டுக் கொதிக்கவிடும் வாசனை... கூடவே கரகரவென்று ஒரு அரபி ரேடியோ. சவூதியின் அல் கோபார் என்றால் எனக்கு இன்றைக்கும் இதுதான்.

அப்போது நான் ஏ.சி. மெக்கானிக். குளச்சலில் இருந்து வந்த புதுசு. நாங்கள் தங்கியிருந்த லேபர் கேம்ப் வாசலை ஒட்டி சாலே பாயின் மளிகைக் கடை. அவர் ஏமன்காரர். டூட்டி முடிந்ததும் குளிக்கக்கூட மாட்டோம், நேராக அங்கேதான் போய் விழுவோம்.

குவைத்துக்குள் ஈராக் ராணுவம் புகுந்த வருடம் அது. அமெரிக்க ராணுவ லாரிகள் வரிசையாக வடக்கே போய்க்கொண்டிருக்கும். ஊருக்கு போன் போட்டால் அம்மாவின் அழுகைதான் கேட்கும். என்னதான் நடக்கிறது என்று சொல்ல எங்களுக்கு இருந்த ஒரே ஆள் சாலே பாய். ரேடியோவில் ஒரு காது, டீயில் ஒரு கண். எந்த மந்திரி எங்கே பறந்தார், எவன் எவனோடு கை குலுக்கினான், எத்தனை கப்பல் வந்து நிற்கிறது... எல்லாவற்றையும் ஓட்டை ஹிந்தியில் சொல்லிவிடுவார்.

அவரிடம் ஒரு கேலி உண்டு. எங்கள் பாஸ்போர்ட் எல்லாம் கஃபீலின் அலமாரியில் கிடக்கும். விசா கொடுத்த முதலாளிதான் கஃபீல். அவர் கையெழுத்து இல்லாமல் ஊருக்குக்கூட நகர முடியாது. ஏமன்காரர்களுக்கு அன்று அந்தத் தொல்லை இல்லை, சொந்தமாகக் கடை வைத்துக்கொள்ளலாம். நாங்கள் கஃபீலைத் திட்டும்போதெல்லாம் சாலே பாய் ஒரு விரலை மேலே காட்டுவார்.

"மேரா கஃபீல் அல்லா!" என் கஃபீல் அல்லாதான் என்று.

எங்களுக்குப் பொறாமையாக இருக்கும்.

ஐ.நா. சபையில் ஈராக்குக்கு எதிராக மற்ற நாடுகள் கை தூக்கியபோது ஏமன் தூக்காமல் ஒதுங்கி நின்றதையும் அவர்தான் எங்களுக்குச் சொன்னார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு சவூதி அரசின் பதில் பிறகு ஒரு சாயங்காலம் ரேடியோவில் வந்தது. "ஏமனி லோக்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேட்டார்.

"க்யா ஹுவா பாய்?" என்ன ஆச்சு என்று பதறிக் கேட்டோம்.

இனி ஏமன்காரர்களுக்கும் கஃபீல் வேண்டுமாம். கெடு கொஞ்ச நாள்தான். கிடைக்காவிட்டால் கடை, வீடு எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். அவர் பிள்ளைகள் பிறந்ததே அல் கோபாரில்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே... எங்கேயோ கோட்டு போட்ட ஒருத்தன் கையைத் தூக்கவில்லை என்றால், இங்கே குப்பூஸ் ரொட்டி விற்கிறவன் என்ன பாவம் செய்தான்?

எங்கள் ரூமில் மூத்தவர் தாசன் அண்ணன், முட்டத்துக்காரர். அவர்தான் யோசனை சொன்னார்.

"லேய், நமக்க கஃபீலுகிட்டயே போய்க் கேப்போம். ஒரு கையெழுத்துதானே?"

"அந்தாளு நம்மளயே ஏசிக்கிட்டு கெடக்கான். இவருக்குப் போடுவானா?"

"கேட்டா என்னலே கொறஞ்சு போவும்?"

வெள்ளிக்கிழமை நல்ல சட்டை போட்டுக்கொண்டு நாலைந்து பேர் போனோம். தாசன் அண்ணன் தெரிந்த அரபி, ஹிந்தி எல்லாவற்றையும் கலந்து சாலே பாய்க்காகக் கெஞ்சினார். தங்கமான மனுஷன், கடை நன்றாக ஓடுகிறது, கேம்ப் முழுக்க அங்கேதான் வாங்குகிறது என்றெல்லாம்... அதைச் சொல்லியிருக்கவே கூடாது.

கஃபீல் மறுநாளே கடைக்கு வந்துவிட்டார். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தோம். அவர் அலமாரிகளைப் பார்த்தார். பிரிட்ஜைத் திறந்து பார்த்தார். வாசலில் நின்று கேம்பை ஒருமுறை பார்த்தார். பிறகு சொன்னார்... நான் கஃபீலாக இருக்கிறேன், ஆனால் கடை என் பேரில் இருக்கும், நீ சம்பளத்துக்கு நின்றுகொள்.

சாலே பாய் சிரித்தார். "கலாஸ்" என்றார். முடிந்தது, அவ்வளவுதான்.

சண்டை முடிகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நில்லுங்கள் என்று நாங்கள் எவ்வளவோ சொன்னோம். "அப்னா துக்கான் மே நௌக்கர்?" சொந்தக் கடையில் நானே வேலைக்காரனா என்று திருப்பிக் கேட்டார்.

கடையில் இருந்ததை எல்லாம் கஃபீல் கேட்ட விலைக்கே அவரிடம் கொடுத்தார். கஃபீலுக்குக் கல்லாவில் உட்கார ஒரு ஆள் வேண்டும். நன்றாகப் பேசுகிறவன் என்று சொல்லி தாசன் அண்ணனையே போட்டார். மாட்டேன் என்று சொல்ல முடியுமா? பாஸ்போர்ட் யார் அலமாரியில் இருக்கிறது?

கட்டில், பாத்திரம், பெண்டாட்டி, பிள்ளைகளோடு பிக்கப் வண்டி வாசலில் நின்றது. சாலே பாய் சாவியை தாசன் அண்ணன் கையில் வைத்தார். ஏலக்காய் டப்பா எங்கே இருக்கிறது என்று காட்டினார். "கம் மத் கர்னா" என்றார்... ஏலக்காயைக் குறைத்துவிடாதே என்று.

தாசன் அண்ணன் அங்கேயே தேம்பிவிட்டார். "ஒமக்கு வேண்டித்தான் போனேன் பாய்... ஒமக்கு வேண்டித்தான்..." தமிழில்தான் சொன்னார். சாலே பாய் அவர் தோளைத் தட்டி, "மாலூம், மாலூம்" என்றார்... தெரியும், தெரியும் என்று.

பிறகு போர் வந்தது. ஜன்னலெல்லாம் டேப் ஒட்டினோம். சைரன் அடித்து ஓய்ந்தால் கடையில் போய்க் கூடுவோம். ரேடியோ அரபியில் கத்தும்.

"என்னண்ணே சொல்லுதான்?"

"யாருக்குலே தெரியும்..."

தாசன் அண்ணன் ஏலக்காயை ஒருநாளும் குறைக்கவில்லை. ஆனால் அந்த டீயை அவர் மட்டும் குடிக்கமாட்டார்.

இப்போது நான் அபுதாபி பக்கம் முசஃபாவில் சூப்பர்வைசர். எங்கே குண்டு விழுந்தாலும் போன் உடனே தமிழில் சொல்லிவிடுகிறது. எந்த நாடு யாருக்கு ஓட்டுப் போட்டது என்று ரூமில் பையன்கள் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பேசிச் சிரிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏமனில் இடிந்த தெரு எதையாவது காட்டினால் மட்டும் வீடியோவை நிறுத்தி, வயசான முகங்களைத் தேடிப் பார்ப்பேன். இத்தனை வருடத்தில் அவர் மாதிரி ஒருத்தரும் கண்ணில் படவில்லை.

போன லீவில் முட்டம் போய் தாசன் அண்ணனைப் பார்த்தேன். டீ வந்தது. வெறும் டீ. "என்னண்ணே, ஏலக்காய் போடலியா?" என்று சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன்.

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்த மணம் வந்தா, சாவி எனக்க கையில இருக்கது போல இருக்குலே மக்கா..."