கன்னியப்பன் வூட்டுக்குப் பதில் சொன்னவள்

செங்கற்பட்டு ஆஸ்பத்திரியில் காலை டியூட்டியில் இருந்தேன். மகாபலிபுரம் பஸ் கண்டக்டர் வார்டு வாசலில் தயங்கி நின்றார். தினமும் பெரியம்மாவின் மீன்கூடையை ஏற்றி வருபவர் அவர். அன்று கூடை வரவில்லை. "பெரியம்மா பூட்டாங்கம்மா" என்றார்.

மார்க்கெட்டில் என் பெரியம்மா அஞ்சலையிடம் பேரம் பேசித் தோற்றவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். வஞ்சிரத்தைத் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தவர்களை அவள் என்ன சொல்லி அனுப்பினாள் என்பதை இங்கே எழுத முடியாது. அந்த வாய்க்குச் சொந்தக்காரி எப்படிப்பட்டவள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அவள் என்னைப் பெற்றவள் இல்லை. என் அப்பா கன்னியப்பனின் முதல் மனைவி. கல்யாணமான சில வருஷத்தில் அப்பா ரங்கூன் துறைமுக வேலைக்குப் போனார். பெரியம்மாவுக்குத் தெரியாமல் அங்கே மா கின் என்ற பர்மாக்காரியைக் கட்டிக்கொண்டார். அவள்தான் என் அம்மா. அம்மா காய்ச்சலில் போனாள். பர்மாவில் இருக்க முடியாமல் நம் ஆட்கள் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறிய சமயம், கிளம்புவதற்குள் அப்பாவும் போய்விட்டார். பக்கத்து வீட்டுக்காரர்தான் என்னை மகாபலிபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பத்தில் கொண்டுவந்து சேர்த்து, நடந்ததையெல்லாம் சொன்னார். எனக்கு எட்டு வயது. பெரியம்மா என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மூக்கு அவனுது. கண்ணு அவளுதா இருக்கும்" என்றாள். பிறகு சோறு போட்டாள். செத்துப்போன புருஷனை அன்று முழுக்கத் திட்டித் தீர்த்தாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எங்கள் குப்பத்தில் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில், ஊர்த் தலைவரான நாட்டார் ஒவ்வொரு வீட்டையும் ஆண்பிள்ளையின் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "கீறேன்", அதாவது இருக்கிறேன் என்று பதில் வர வேண்டும். பதில் வராத வீடு ஊரில் சேர்த்தியில்லை. அப்பா ரங்கூன் போனதிலிருந்து பெரியம்மாதான் "வருவாரு" என்று சொல்லிவந்தாள். இனி வரமாட்டார் என்று தெரிந்துவிட்ட அந்த ஆடியில் ஊரே அவள் வாயைப் பார்த்தது. அவள் என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினாள். "கன்னியப்பன் பொண்ணு இது. சொல்லுடி." நான் சொன்னேன். அதன்பிறகு வருஷா வருஷம் நானேதான் சொன்னேன்.

பதினெட்டு முடிந்ததும் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. ரங்கூனில் பிறந்தவள், இந்தியக் குடியுரிமை இல்லாமல் சேர்க்க முடியாது என்றார்கள். அப்பா இந்த மண்ணின் ஆள், நான் அவர் பிள்ளை என்று காட்டி, அவர் வழியாகக் கேட்க வேண்டுமாம். அப்பா கொடுத்ததென்று என்னிடம் மூக்கைத் தவிர எதுவும் இல்லை.

செங்கற்பட்டு ஆபீஸில் ஒரு குமாஸ்தா, நல்ல மனுஷர், சுருக்கு வழி சொன்னார். இந்த அம்மாவே இங்கே பெற்றதாகச் சொல்லிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெரியம்மா அசையவில்லை.

"நான் பெத்தேன்னு சொல்லிக்க எனுக்கும் ஆசதான் சாமி. அப்போ பெத்துட்டு செத்தவ எங்க போவா? அவ பேரையே எழுது."

சக்களத்தி பெயருக்காக என் படிப்பைத் தொலைக்கிறாளே என்று திருக்கழுக்குன்றம் வரும்வரை பஸ்ஸில் அவளோடு பேசவில்லை. அங்கே பஸ் நின்றதும் வேர்க்கடலை வாங்கி என் மடியில் போட்டாள். "நெஜம் கருவாடு மாதிரிடி. நாறும், ஆனா கெட்டுப்பூடாது" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சில வாரம் கழித்து விசாரிக்க ஓர் அதிகாரி குப்பத்துக்கே வந்தார். இவள் கன்னியப்பன் மகள்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். பெரியம்மா வாயைத் திறக்கவில்லை. அதுவே ஊருக்கு அதிசயம். நாட்டார்தான் பேசினார். "வருசா வருசம் அம்மன் எதிர்ல கன்னியப்பன் வூட்டுக்கு இந்தப் பொண்ணுதான் பதில் சொல்லுது. பொய்யா இருந்தா அன்னிக்கே தடுத்திருப்போம் சார்." வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்துவந்து கைநாட்டு வைத்தார்கள். குமாஸ்தா சொன்ன வழியில் போயிருந்தால் அதே ஊர் அதே வாயால் என்னைப் பொய்க்காரியாக்கியிருக்கும்.

குடியுரிமைப் பத்திரம் வந்த அன்று பெரியம்மா என்னை உரக்கப் படிக்கச் சொன்னாள். தந்தை கன்னியப்பன், தாய் மா கின். "சரியா கீது" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் காகிதத்தில் எந்த மூலையிலும் அஞ்சலை என்ற பெயர் இல்லை. அவளுக்கு அதில் வருத்தமே இல்லை. எனக்குத்தான் இன்றுவரை ஆறவில்லை.

அவள் காரியம் முடிந்ததும் நாட்டாரிடம் போனேன். இந்த ஆடியில் எங்கள் வீட்டை அஞ்சலை பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டேன். பெண்பிள்ளை பெயரில் வீட்டைக் கூப்பிடும் வழக்கம் இல்லையே என்று தாடையைச் சொறிந்தார். பிறகு, "அவ இல்லாம அந்த வூடு ஏது? கூப்புடறேன் போ" என்றார்.

பெரியம்மா எனக்கு விட்டுப்போனது அவள் சொல்லிக்கொடுத்த அந்த ஒரு பதில்தான். ஆடி வரட்டும். "அஞ்சலை வூடு" என்று நாட்டார் கூப்பிடுவார். நான் "கீறேன்" என்பேன்.